நாரை பறக்காத கண்மாயில் நாரை கூடு கட்டுமா?

போன இதழில் கண்மாய்ப் பறவைகளைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்து விழுந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் இந்த மாதம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தண்ணியில்லாக் காடு என்று ஊர் உலகமே பேர் வைத்த ராமநாதபுரம் சீமையிலிருந்து தண்ணீரைப் பற்றி இத்தனை கேள்வி! சரி, நேராக விஷயத்துக்குப் போவோம்.

*

ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்கிறார்கள். அப்படியென்றால் பறவையே வராத கண்மாய் என்று பொருளா? என் மகன் பள்ளிக்கூடக் கட்டுரையில் அப்படித்தான் எழுதிவிட்டு வந்திருக்கிறான்.
— திருவாடானையிலிருந்து ஓர் அம்மா

மகனைத் திட்டாதீர்கள் தங்கச்சி, வார்த்தையை நேராகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். இந்தக் கரையில் கிளம்பிய நாரை அந்தக் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் இறக்கை ஓய்ந்துவிடும், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு என்று பெருமை பேசுகிற வாசகம் அது. நாற்பத்தெட்டு மடை என்பது தண்ணீர் வெளியே போகும் வாய்களின் எண்ணிக்கை. ராஜசிங்கம் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் வெட்டியது என்பது வழிவழியாக வரும் சொல், ஊருக்கு ராஜசிங்கமங்கலம் என்று பெயர் வந்ததும் அதனால்தான் என்பார்கள். நாரை உண்மையில் ஓய்ந்துபோகாது. காலையில் ஒரு தாலுகாவில் இரை பொறுக்கிவிட்டுச் சாயங்காலம் இன்னொரு தாலுகாவில் போய் அடைகிற பறவைக்கு ஒரு கண்மாயைக் கடப்பது ஒரு வேலையா?

ஆனால் அந்தச் சொலவடைக்குள் ஒரு நில அமைப்பே ஒளிந்திருக்கிறது. நம் சீமையில் மலை கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது. கிழக்கே கடலைப் பார்த்து லேசாகச் சாய்ந்த தட்டை நிலம். மலைப்பக்கம் என்றால் இரண்டு குன்றுக்கு நடுவில் சின்னதாக ஒரு அணை போட்டு ஆழமாகத் தேக்கலாம். இங்கே அது நடக்காது. மைல் கணக்கில் வளைத்து வளைத்துக் கரை போட்டால்தான் தண்ணீர் நிற்கும், நின்றாலும் ஆழம் இருக்காது, அகலம்தான் இருக்கும். கரையை ஒட்டி ஆள் முங்கும் ஆழம் இருந்தால், உள்வாயில் போகப்போக இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று குறைந்து, கடைசியில் எது கண்மாய் எது காடு என்றே தெரியாது. விவசாயிக்கு இது கஷ்டம். மெல்லிசாகப் பரந்து கிடக்கும் தண்ணீரை வெயில் சீக்கிரம் குடித்துவிடும். நாரைக்கோ இதைவிடச் சொர்க்கம் வேறில்லை, ஏனென்றால் அது நீந்துகிற பறவை இல்லை, நின்று தேடுகிற பறவை. அதன் கால் எட்டுகிற ஆழத்தில் மைல் கணக்கில் தண்ணீரை விரித்து வைத்திருக்கிறோம். நெல்லுக்காக வெட்டிய குறைபாடுள்ள ஏரி, நாரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்துவிட்டது.

மகனிடம் சொல்லுங்கள்: பறக்காத நாரை இல்லை, இறங்கி நிற்கிற நாரை.

*

மடையைத் திறப்பதற்காக வெள்ளத்தில் குதித்து உயிரை விட்ட தியாகியைத்தான் ‘மடையன்’ என்று அழைத்தோம், பிற்காலத்தில் அதையே வசவாக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
— பரமக்குடி வாசகர்

இதை எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள், கடைசியாக அனுப்பியவர் என் மச்சினன். மனசைத் தொடுகிற கதைதான், ஆனால் வசவு அங்கிருந்து வரவில்லை. மடம் என்றால் அறியாமை, அந்தப் பொருள் மிகப் பழையது. மடையன், மடைமை எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். பழைய தமிழில் மடையன் என்றால் சமையற்காரன் என்றும் ஒரு பொருள் உண்டு. கோயில் மடைப்பள்ளி இன்னும் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இரண்டுமே கண்மாய் மடையைத் தொடவில்லை.

கதையில் வரும் மனிதர் மட்டும் நிஜம். நம் பக்கம் அவருக்கு நீர்ப்பாய்ச்சி என்று பெயர், மடைக்குடும்பன் என்பதும் உண்டு. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முடிவு செய்து பாய்ச்சுவது, கரையில் நண்டு வளை போட்டிருக்கிறதா என்று பார்ப்பது, மழை இரவில் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றிவருவது எல்லாம் அவர் பாடு. கூலி, அறுவடை முடிந்து களத்துமேட்டில் அளக்கும் நெல்.

பழைய கண்மாய்களில் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், மேலே குறுக்குக் கல் போட்டு. அதுதான் குமிழி. அடியில் ஒரு கல்தொட்டி, அதிலிருந்து கரைக்கு அடியில் ஓடுகிற சுரங்கக்கால். தொட்டியின் மேல்பக்கம் இருக்கும் துளை நீரோடி, கீழே இருக்கும் துளைகள் சேறோடி. தக்கையைத் திறந்தால் நல்ல தண்ணீர் மேல்துளை வழியாகவும், அடியில் சேர்ந்த வண்டல் கீழ்த்துளைகள் வழியாகவும் இழுபட்டு ஒன்றாக வயலுக்குப் போகும். தூர் சேராமல் கண்மாய் தன்னைத் தானே கொஞ்சம் கழுவிக்கொள்ளும், வயலுக்கும் வண்டல் கிடைக்கும். திறக்கிறவர் தூணைப் பிடித்துக்கொண்டு முங்கவேண்டும், தக்கை விலகியதும் தண்ணீர் ஆளையும் சேர்த்து இழுக்கும், அந்த நொடியில் கை தூணை விட்டால் போச்சு. என் ஐயா (அப்பாவின் அப்பாவைச் சொல்கிறேன்) இதைச் சொல்லும்போதெல்லாம் தன் வலது கையை ஒருமுறை மூடித் திறப்பார்.

இப்போது முங்குகிற ஆள் இல்லை, ஷட்டர் வந்துவிட்டது. அந்தக் கல்தூணின் உச்சியில் நீர்க்காகம் ஒன்று இரண்டு இறக்கையையும் விரித்துச் சட்டை காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் எச்சம் வழிந்து தூணில் பாதி வெள்ளையடித்திருக்கும்.

*

இங்கே வருகிற பறவைகள் சைபீரியாவிலிருந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன என்று செய்தியில் போடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து இந்த வறட்சியிலா முட்டையிடவேண்டும்? வேறு இடம் கிடைக்கவில்லையா?
— முதுகுளத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை

டீச்சர், இந்தச் செய்தியை எழுதுகிறவர்கள் வருஷா வருஷம் போன வருஷத்துச் செய்தியையே எடுத்துத் தேதி மாற்றிப் போடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். நம் கண்மாயில் கூடு கட்டுகிற கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகொத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் எல்லாமே நம் நாட்டுப் பறவைகள். ஆந்திரா, கர்நாடகா, இலங்கை என்று தண்ணீர் இருக்கும் இடம் தேடி அலைகிற உள்ளூர் நாடோடிகள். வடக்கேயிருந்து நிஜமாகவே பல்லாயிரம் மைல் தாண்டி வருகிறவை வேறு: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி வாத்து, உள்ளான் வகைகள். அவை இங்கே முட்டையிடுவதில்லை. குளிருக்கு ஒதுங்கித் தின்று கொழுத்துவிட்டு, பங்குனி சித்திரையில் கிளம்பி, தங்கள் ஊரில் போய்த்தான் குடும்பம் நடத்தும். விருந்தாளியையும் வீட்டுக்காரரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஏன் இந்த வறண்ட சீமை என்ற கேள்வி நல்ல கேள்வி. ராமநாதபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆவணி புரட்டாசியில் புழுதி உழுது காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பது நம் விவசாயம். ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் பெருகினால் பயிர் பிழைக்கும், தை மாசியில் அறுவடை. இப்போது நாரையின் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். கண்மாய் பெருகியதும் வந்து இறங்கும், கார்த்திகை மார்கழியில் கூடு, தையில் குஞ்சு, மாசி பங்குனியில் குஞ்சு பறக்கும். அதாவது, குஞ்சுக்கு அகோரப் பசி எடுக்கிற நேரத்தில் கண்மாய் வற்ற ஆரம்பித்து, மீன் எல்லாம் சின்னச் சின்னப் பள்ளங்களில் ஒதுங்கி நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். வற்றாத ஏரியில் மீன் பிடிப்பதைவிட வற்றுகிற கண்மாயில் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்று கண்மாய் அழிகிற (ஊரே இறங்கி மீன் பிடிக்கிற) அன்றைக்குக் கூடையோடு இறங்கியவர்களுக்குத் தெரியும்.

சங்குவளை நாரை மேய்வதைக் கிட்டே நின்று ஒரு முறையாவது பாருங்கள். மஞ்சள் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிக்கொண்டே நடக்கும். கண்ணால் தேடாது. ஒரு காலால் சேற்றைக் கிளறிவிடும், கலங்கிய தண்ணீரில் தப்பி ஓடுகிற கெண்டை அலகில் உரசியதும் பட்டென்று மூடும். நத்தைகொத்தி இன்னொரு விசித்திரம், அலகை முழுதாக மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நத்தை ஓட்டை அது உடைப்பதில்லை. அலகு நுனியை ஓட்டுக்குள் செருகிச் சதையை மட்டும் அறுத்து உருவிவிடும். கூடு இருக்கும் கருவேல மரத்தடியில் ஓடுகள் முழுசு முழுசாகக் கிடக்கும், பிள்ளைகள் பொறுக்கிவந்து பல்லாங்குழி ஆடலாம். மத்தியானத்தில் தாய் நாரை குஞ்சுகள் மேல் வெயில் படாமல் இறக்கையைக் குடை மாதிரி விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு மணிக்கணக்காக நிற்கும்.

கடலோரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் நம் மாவட்டத்தில் ஐந்து பறவைச் சரணாலயங்கள் இருக்கின்றன. உங்கள் முதுகுளத்தூர் பக்கத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 1989-ல் அறிவிக்கப்பட்டவை. சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் 1998-ல், நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கல் 2010-ல், ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டை 2012-ல். இதில் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் 2022-லும், சக்கரக்கோட்டைக்கும் தேர்த்தங்கலுக்கும் 2025-லும் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது. ஐந்துமே கண்மாய்கள், ஒன்றுகூட இயற்கை ஏரி இல்லை. மழை பொய்த்த வருஷம் பலகை மட்டும்தான் சரணாலயம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை மொத்தமாக ஏமாற்றியதே, அந்த மாதிரி வருஷத்தில் கண்மாய்க்குள் ஆடுதான் மேயும்.

*

அமெரிக்காவில் சவன்னா என்ற ஊரில் என் மகள் இருக்கிறாள். அங்கே பழைய நெல் வயல்களையே பறவைச் சரணாலயமாக ஆக்கியிருக்கிறார்களாம், ‘நம்ம ஊரு கண்மாய் மாதிரியே இருக்குப்பா’ என்று போட்டோ அனுப்பினாள். அமெரிக்காவில் நெல்லா?
— கீழக்கரையிலிருந்து ஒரு தந்தை

ஆமாம் பாய், நெல்தான். தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பயிர், கரோலினா கோல்டு என்ற ரகத்துக்குப் பெரிய பேர். ஆனால் அந்த வயல் நம் வயல் மாதிரி இல்லை, அதன் கதையும் வேறு.

அங்கே கண்மாய் கிடையாது, கடல் ஓதம்தான், அதாவது ஏறி இறங்குகிற கடல்மட்டம்தான், தண்ணீர் இறைத்தது. ஆறு கடலைத் தொடுகிற இடத்துக்குச் சற்று மேலே, ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் எட்டாமல் ஆற்று நல்ல தண்ணீர் மட்டும் உயர்ந்து வரும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் சதுப்புக் காட்டை வெட்டிச் சாய்த்து, கரை போட்டு, கரைக்கு அடியில் இரண்டு பக்கமும் கதவு வைத்த மரப்பெட்டி ஒன்றைப் புதைத்தார்கள். ஓதம் ஏறும்போது ஒரு கதவைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது இன்னொன்றைத் தூக்கினால் வடியும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ட்ரங்க், அதாவது அடிமரம். ஆரம்பத்தில் குடைந்த மரத்தடியையே குழாயாகப் புதைத்து, வாயில் தக்கை அடைத்திருக்கிறார்கள். நம்ம கண்மாய் மடைக்கு அண்ணன் தம்பி முறை என்று வையுங்கள்.

சதுப்பை வெட்டியவர்களும் கரை போட்டவர்களும் பாம்புக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் நின்று களை பறித்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். செனகல் முதல் சியரா லியோன் வரையுள்ள கரையில் நெல் விளைவித்துப் பழகிய ஜனங்களும் அவர்களில் இருந்தார்கள், நெல் வேலையின் நுணுக்கத்தில் பெரும்பகுதி அவர்கள் கையோடு போனது. அறுத்த நெல்லை நம்ம சொளகு மாதிரி ஒரு வட்டத் தட்டில் புடைத்ததைப் பழைய படங்களில் பார்க்கலாம். அவர்கள் வழி வந்த கல்லா–கீச்சி மக்கள் இன்றும் அந்தக் கடலோரத்தில் இருக்கிறார்கள், மகளிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

1861–65 உள்நாட்டுப் போரோடு அடிமைமுறை ஒழிந்தது. கூலி கொடுத்து அந்தச் சேற்றில் ஆள் இறக்கக் கட்டவில்லை. லூசியானா, ஆர்க்கன்சா பக்கம் இயந்திரம் வைத்து மலிவாக விளைவித்தார்கள், 1893, 1911 புயல்கள் மிச்சமிருந்த கரைகளையும் உடைத்துப்போட்டன. நெல் போன வயலில் வாத்து இறங்கியது. வாத்து சுடுவதற்காகவே வடக்கத்திப் பணக்காரர்கள் அந்தப் பண்ணைகளை வாங்கி, கரையையும் ட்ரங்க்கையும் பழுது பார்த்து வைத்தார்கள். வேட்டை ஆசைதான் ஈரநிலத்தைக் காப்பாற்றியது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உங்கள் மகள் பார்த்த சவன்னா சரணாலயம் 1927-ல் ஏற்பட்டது. இன்றைக்கும் பழைய நெல் வயல்களில் கதவைத் தூக்கி இறக்கித்தான் பறவைகளுக்குத் தண்ணீர் மட்டம் வைக்கிறார்கள். அங்கே மேயும் மர நாரை, நம் சங்குவளை நாரையின் பேரினமேதான். ஒரே குடும்பம், கடல் தாண்டி இருக்கிற பெரியப்பா மகன். அதே மாதிரிக் கிளறி, அதே மாதிரிப் பட்டென்று மூடும்.

மகள் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்தவேண்டும். அங்கே நெல் செத்த பிறகு பறவை வந்தது. இங்கே நெல் இருப்பதால்தான் பறவை இருக்கிறது. ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களில், நெல் போடுகிறவர் இருந்தால்தான் வரத்துக்கால் அடைத்திருக்கிறது, மடை ஒழுகுகிறது என்று யாராவது சத்தம் போடுவார்கள். நெல் நின்றால் கண்மாயைக் கேட்க நாதியில்லை. அந்தப் பண்ணை அடிமைகளின் கதையைக் கேட்டால் நமக்கும் ஒன்று நினைவுக்கு வரும்: தோட்டம், கங்காணி (ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர்) என்ற சொற்களுக்கு நம் சீமையில் வேறு ஞாபகம் உண்டு. மழை பொய்த்த வருஷங்களில் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் எத்தனை! என் அப்பத்தாவின் தம்பி அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை.

*

சரணாலயம் என்று பலகை வைத்த நாளிலிருந்து எங்கள் கண்மாயில் மீன்பாசி ஏலம் (மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது) இல்லை, மரம் வெட்ட முடியாது. நீலத் தாழைக்கோழி நெல்லைத் தண்டோடு பிய்த்துப் போடுகிறது. பறவை எச்சம் உரம் என்கிறீர்கள், அந்த உரத்தால் மூட்டை கூடியதாக எனக்குத் தெரியவில்லை. ஊர் பெயர் போடவேண்டாம்.
— ஓர் ஆயக்கட்டு விவசாயி

ஐயா, உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். தாழைக்கோழி பயிரை நாசம் செய்யும், அதை மறைத்துப் பேசுகிறவன் கண்மாய்க்குப் போகாதவன். எச்ச விஷயம் பொய்யில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த தண்ணீர்தான் மடை வழியாக வருகிறது. வேடந்தாங்கல் சனங்கள் இதைக் கண்டுபிடித்துத்தான், பறவையைச் சுடக் கூடாது என்று கம்பெனிக் கலெக்டரிடம் 1798-லேயே உத்தரவு எழுதி வாங்கினார்கள். பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஆனால் அந்தச் சத்து எல்லா வயலுக்கும் ஒரே மாதிரி வந்து சேராது, முதல் மடை வயலுக்குக் கிடைப்பது கடைமடைக்கு வராது. அதிகமானால் தண்ணீர் பச்சைப் பாசி பிடித்து நாறும். மூட்டைக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும், நான் வாதாடவில்லை.

மீன்பாசி ஏலம் பெரிய இழப்பு. அந்தப் பணத்தில்தான் பல ஊர்களில் கோயில் திருவிழாவும் கண்மாய் மராமத்தும் நடந்தன. பறவைக்காக அந்த வருமானத்தை விட்டுக்கொடுத்த ஊருக்கு, அதே அளவு பணம் கண்மாய் வேலைக்கென்று ஆண்டுதோறும் வரவேண்டும் என்பது என் கட்சி. குடிமராமத்து என்பது ஊரே கூடிச் செய்த வேலை. 1858-ல் வெள்ளைக்காரன் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதிப் பார்த்தான், சட்டத்தால் ஊரைக் கூட்ட முடியவில்லை. 1948 சட்டத்தில் ஜமீன் ஒழிந்தது, அரண்மனைக் கண்மாய்கள் சர்க்கார் கைக்குப் போயின. இப்போது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத்துறை (2021 வரை பொதுப்பணித்துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், சரணாலயம் என்றால் வனத்துறையும் கூட. மரம் ஒருவருக்கு, தண்ணீர் ஒருவருக்கு, கரை ஒருவருக்கு! ஒரு கண்மாய் மடை ஒழுகுகிறது என்று நானே ஓர் அலுவலகத்துக்கு மனுக் கொண்டுபோய், ‘இது எங்களுது இல்லையே’ என்ற பதிலோடு மூன்று மேசை சுற்றி வந்தவன்.

*

கண்மாய்க்குள் இருக்கும் சீமைக் கருவேலத்தை அடியோடு வெட்டலாமா, கூடாதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.
— கமுதி வாசகர்

வெட்டலாம். ஆனால் தை மாசத்தில் இல்லை.

ஒரு வார்த்தை போதாது தம்பி. நாரை விரும்பிக் கூடு கட்டுவது நாட்டுக் கருவேலத்தில், சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் நட்டது. அது தண்ணீரில் மாசக்கணக்கில் நின்றாலும் தாங்கும், கிளை பலமாக இருக்கும். நாட்டுக் கருவேலம் இல்லாத கண்மாயில் பறவை சீமைக் கருவேலத்திலும் கட்டிவிடுகிறது, அதற்கு அரசியல் தெரியாது. குஞ்சு இருக்கும்போது ஜேசிபியைக் கொண்டுபோய் இறக்கினால் ஒரு தலைமுறையே போய்விடும். வைகாசி ஆனியில், கண்மாய் காய்ந்து கிடக்கும்போது வெட்டுங்கள், வேரோடு தோண்டுங்கள், வரத்துக்காலில் இருப்பதை முதலில் எடுங்கள், எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலம் வையுங்கள். வேரை விட்டுவிட்டு மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு பங்காக வரும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய, அவர்களையும் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

*

வைகை ஏன் கடலில் கலப்பதில்லை? முல்லைப்பெரியாறுத் திட்டமே ராமநாதபுரத்து யோசனைதான் என்பது மெய்யா?
— ராமநாதபுரம் கல்லூரி மாணவர்

சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை வைராக்கியம் பிடித்ததாகப் புலவர்கள் பாடி வைத்தார்கள். நிஜத்தில் வழிநெடுகக் கண்மாய்கள் உறிஞ்சியது போக மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்கிவிடுகிறது, வெள்ளக் காலத்தில் மட்டும் உபரி ஆற்றங்கரை பக்கம் பாக் நீரிணைக்கு ஓடும். அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம். ரோமானியக் காசும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த ஊர்.

யோசனை நம்முடையது என்பதும் மெய்தான். சேதுபதியின் பிரதானி (தலைமை அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று மலைக்குப் போய்ப் பார்த்துவந்திருக்கிறார், பணத்துக்குத்தான் வழியில்லை. பென்னிகுவிக் காலத்தில் 1895-ல் அணை வந்தது, தண்ணீர் முதலில் மேலூர் பக்கம் போனது. யோசித்தவன் கடைமடையில் நிற்கிறான்.

*

பூநாரை பார்க்கக் கண்மாய்க்குப் போகவேண்டுமா, கடலுக்கா?
— பாம்பன் மாணவி

கடலுக்குத்தான் பாப்பா, உன் வீட்டு வாசலுக்கே வருகிறது. தனுஷ்கோடிப் பக்கத்து உப்புத் தண்ணீர்ச் சதுப்பில் குளிர்காலத்தில் கூட்டமாக நிற்கும், 2025 ஜூனில் அந்த இடத்தில் 500 ஹெக்டேருக்கு மேல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். 1964 புயலில் அழிந்த ஊருக்கு இப்போது இப்படி ஒரு குடித்தனம் வந்திருக்கிறது. உன் தாத்தாவிடம் ஆண்கடல் எது, பெண்கடல் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போ. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் நீரிணை பெண்கடல். அலை அடங்கிய பெண்கடல் ஓரத்துச் சேற்றில் ஓதம் வற்றும் நேரத்தில் உள்ளான்களையும் பார்த்துவிடலாம்.

*

குடும்பத்தோடு வர ஆசை. எந்த மாசம், எந்தக் கண்மாய், என்ன கொண்டுவரவேண்டும்?
— மதுரையிலிருந்து ஒரு குடும்பத் தலைவி

கிளம்புவதற்கு முன் ஊரில் தெரிந்தவர் யாருக்காவது போன் போட்டு, ‘கண்மாய் பெருகிருச்சா, மறுகால் போகுதா?’ என்று கேளுங்கள் அக்கா. இல்லை என்றால் அந்த வருஷம் ராமேஸ்வரம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். பெருகியிருந்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கரையில் இருக்கவேண்டும். முதல் தடவைக்குத் தேர்த்தங்கல் வசதி, ரயிலில் வருகிறவர்களுக்குச் சக்கரக்கோட்டை கிட்டே. சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம். போன தை மாசம் யாரோ ஒருவர் பறக்கவிட்ட ட்ரோனுக்கு மிரண்டு தாய்ப்பறவைகள் மொத்தமும் எழும்பிவிட, காக்கை வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்தேன். இரவல் வாங்கியாவது ஒரு பைனாகுலர் கொண்டுவாருங்கள். அப்புறம், டீயையும் இட்லியையும் நயினார்கோவிலிலேயே முடித்துவிடுங்கள், கரையில் கடை இருக்கும் என்று நம்பி வராதீர்கள்.